பதினான்கு வால்கள்

8 ஒக்டோபர் 1973, திங்கள்

தோட்டாப் பெட்டி இன்று காலை லோஞ்சில் வந்து சேர்ந்தது. ஒரு பொலிஸ்காரர் அதைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு குடாவைக் கடந்திருக்கிறார். எங்கள் பிரிவு முழுவதற்கும் இந்தக் காலாண்டுக்கு அறுபது தோட்டா. அனுமதிப்பத்திரம் உள்ள துவக்குகள் நாற்பத்தொன்று. வயலில் இறங்கும் காட்டுப்பன்றிகளின் தொகையை எவரும் கேட்கவில்லை.

எழுபத்தொன்று ஏப்ரல் கிளர்ச்சிக்குப் பிறகு தோட்டாவைக் கண்டால் அரசாங்கத்துக்குப் பயம். பயம் நியாயமானதுதான். ஆகவே சுற்றுநிருபம்: தோட்டா பயிரைக் காக்க மட்டும். உணவுக்காக மிருகம் சுட்டால் துவக்கு பறிமுதல். வெடித்த ஒவ்வொரு தோட்டாவுக்கும் வெறுங்கோதையும், அதனால் செத்த காட்டுப்பன்றியின் வாலையும் கந்தோரில் காட்டினால்தான் புதியது கிடைக்கும். வெடி தவறினால் தோட்டாவும் போயிற்று.

இதே அரசாங்கம்தான் இந்த வருடம் 'உணவு உற்பத்திப் போர்' பிரகடனம் செய்திருக்கிறது. நான் வாசித்த போர்களுள் வெடிமருந்தைப் பூட்டி வைத்துவிட்டு நடத்தப்படுவது இது ஒன்றுதான். முதலாம் திகதி முதல் கூப்பனுக்குத் தரும் பங்கீட்டு அரிசியும் பாதி.

முள்ளிப்பற்றுக் கந்தோரில் நான் தோட்டாக் கிளாக்கர். பிறப்பு, இறப்பு, பயிர்ச்சேதம் எல்லாம் பக்கத்து மேசை. வால் என்னுடையது.

11 ஒக்டோபர், வியாழன்

ஜமால்தீனும் தம்பிராசாவும் வந்தார்கள். எப்போதும் சேர்ந்துதான் வருவார்கள். இருவருக்கும் வெருகல் பக்கமாகக் காட்டோரத்தில் அடுத்தடுத்த வயல்.

தம்பிராசா தேக்கிலைப் பொட்டலத்தை என் மேசையில் வைத்து அவிழ்த்தார்.

"ரெண்டு, ஐயா. பச்சை வால். மணந்து பாருங்கோ."

"வேண்டாம்."

ஜமால்தீன் ஜன்னலோரம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நோன்போட நிக்கிறன், அத மூடு மச்சான்."

"கேட்டீங்களே ஐயா? வெடி வைச்ச வீரனுக்கு வாலைக் கண்டா வயித்தைக் குமட்டுதாம். இது எப்பிடியெண்டு நீங்கள் கேக்கமாட்டீங்களோ?"

"ஐயா கேக்கமாட்டார்" என்றார் ஜமால்தீன், கடலுக்கு.

நான் கேட்கவில்லை. இரண்டு வருடமாகக் கேட்கவில்லை. ஜமால்தீனிடம் துவக்கும் தோட்டாவும் இருக்கின்றன. அவர் சுடுவது மான். ஆறு வாய்க்கு அதுதான் கறி, அதை மாற்றினால் அரிசி. தம்பிராசா தன் துவக்கை எழுபத்தொன்றில் பொலிஸிடம் ஒப்படைத்தார். அதை இன்னமும் விசாரிக்கிறார்களாம். அவர் நாயும் ஈட்டியும் கொண்டு பன்றி பிடிக்கிறார். ஆகவே ஒருவரிடம் வாலில்லாத தோட்டா, மற்றவரிடம் தோட்டாவில்லாத வால். வால் இங்கே வர, மான் தொடை ஒன்று அங்கே போகும். தமிழர்-முஸ்லிம் ஒற்றுமைக்காக இந்தப் பிரிவில் நடந்த கூட்டங்கள் எல்லாவற்றுக்கும் நான் போயிருக்கிறேன். அவை செய்யாததை ஒரு சுற்றுநிருபம் செய்திருக்கிறது.

பதிவேட்டில் எழுதினேன்: ஜமால்தீன் — தோட்டா 2, காட்டுப்பன்றி 2.

இப்போது வாசிக்கிற சரித்திரப் புத்தகத்தில், வென்ற படைகள் எதிரிகளின் காதை அறுத்துக் கொண்டுபோய் எண்ணிக் காட்டினவாம். நாகரிகம் காதிலிருந்து வால்வரை வந்திருக்கிறது.

29 ஒக்டோபர், திங்கள்

தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே கிழமையில் வந்து போயின. பெருநாள் பங்கு என்று ஜமால்தீன் மான் இறைச்சி வத்தல் கொடுத்தனுப்பியிருந்தார். இன்று கந்தசஷ்டி மூன்றாம் நாள். மனைவி கமலாதேவி ஒரு நேரம் பாலும் பழமுமாக விரதத்தில் இருக்கிறாள். பொட்டலத்தைக் கண்டதும் குசினி வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"உந்த இறைச்சியை உள்ளுக்குக் கொண்டுவந்தியளெண்டால் நான் வெளியில."

விறகுக் கொட்டிலில் கட்டித் தொங்கவிட்டேன். பத்து நிமிடம் கழித்து அவளே வந்து, எறும்பு ஏறாமல் கயிற்றில் மண்ணெண்ணெய் தடவினாள்.

"சூரன்போர் முடியட்டும். பிள்ளையள் மரவள்ளிக்கிழங்கு திண்டு திண்டு கண்ணெல்லாம் உள்ளுக்குப் போட்டுது."

இதற்கு லஞ்சம் என்று பெயரா? அப்படியானால் நான் மிகவும் மலிவு. என் பிள்ளைகள் சாப்பிடும் மான் எந்தத் தோட்டாவால் விழுந்தது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று ஜமால்தீனுக்கும் தெரியும். அதைப்பற்றி ஒருநாளும் நாங்கள் கதைத்ததில்லை.

14 நவம்பர், புதன்

மழை. லோஞ்ச் இல்லை, தபால் இல்லை, மேலிடத்துக் கடிதம் இல்லை. நிர்வாகம் சீராக நடந்தது.

3 டிசெம்பர், திங்கள்

மாவட்ட உணவுப் போர்க் குழு என்று ஒன்று பிறந்திருக்கிறது. 'பயிர்ப் பகைவரை அழித்த வீரர்'களைக் கௌரவிக்கப் போகிறார்களாம். ஒவ்வொரு கந்தோரும் பட்டியல் அனுப்பவேண்டும். முதற்பரிசு பத்துத் தோட்டா.

எங்கள் அதிகாரி தவராசா என் மேசைக்கே வந்துவிட்டார். பதவிப் பெயர் உதவி அரசாங்க அதிபர் என்று மாறினாலும் ஊருக்கு அவர் இன்னும் டி.ஆர்.ஓ.தான். பதிவேட்டில் விரலை ஓட்டினார்.

"ஆர் இந்த ஜமால்தீன்? பதினாலு தோட்டா, பதினாலு வால். ஒரு வெடியும் தவறேல்லையே?"

"இல்லை ஐயா."

"மற்றவன்கள் ஒண்டு ரெண்டோட நிக்கிறான்கள். இவன் வீரன் காணும்!"

நான் ஒரு வரியிலாவது 'தவறியது' என்று எழுதி வைத்திருக்கலாம். வாலை எண்ணினேனே தவிர ஆளை எண்ணவில்லை. அந்த நேரத்திலும் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் பத்துத் தோட்டாவைத்தான் நினைத்தேன். அரிசி இல்லாத வருடத்தில் பத்துத் தோட்டா! ஜமால்தீனுக்கு நல்லது செய்கிறேன் என்று முழுமனதோடு பட்டியலின் தலையில் அவர் பெயரை எழுதினேன். அழகான கையெழுத்தில்.

19 டிசெம்பர், புதன்

சந்தியில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் பட்டினத்திலும் ஒட்டியாயிற்றாம். சிவப்பு எழுத்து.

'முதலாம் வீரர்: ஜமால்தீன், முள்ளிப்பற்று. காட்டுப்பன்றி 14.'

சைக்கிளை நிறுத்தி வாசித்துவிட்டு அங்கேயே நின்றேன். பட்டியலில் நான் எழுதியபோது அது ஒரு எண். சுவரில் அது வேறு. பள்ளிவாசலுக்குப் போகிற ஒரு மனிதனின் பெயர், அதற்கு நேரே பதினான்கு பன்றி.

இருபது வருடமாக இந்தச் சனத்தோடு இருக்கிறேன். எப்படி இது எனக்குத் தோன்றாமல் போனது? பன்றி என்பது எனக்குப் பதிவேட்டில் ஒரு நிரல். அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

21 டிசெம்பர், வெள்ளி

ஜமால்தீன் தனியே வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"ஐயா, அந்தப் பேப்பரக் கழட்ட ஏலுமா?"

"சந்தியில இருக்கிறதையோ?"

"எல்லாத்தையும்."

மூத்தவள் றுக்கியாவைக் கிண்ணியாவில் ஸைனுலாப்தீன் மரைக்காரின் மகனுக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். மரைக்கார் அங்கே பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர். சபர் மாதத்தில் கலியாணம் வைப்பதில்லை, அதற்கு முன்னம் முடிக்க வேண்டும். இப்போது அங்கிருந்து ஆள் வந்து போயிருக்கிறது. பையனைக் கிண்ணியா இறங்குதுறையில் 'வால் மாப்பிள்ளை' என்று கூப்பிடுகிறார்களாம்.

"மீன் வாங்கப் போனா மீன்காரன், 'ஒங்களுக்கு ஏன் மீன், பெரிய சாமானெல்லாம் சாப்பிடுற ஆளாச்சே' எண்டு கேக்கிறான். பொண்டாட்டி மூணு நாளா ஊட்ட உட்டு வெளியில இறங்கல்ல. றுக்கியா என்னோட கதைக்கிற இல்ல."

"நான் உங்களுக்கு நல்லதெண்டு நினைச்சுத்தான்…"

"தெரியும் ஐயா." கோபமில்லாமல் சொன்னார். கோபப்பட்டிருக்கலாம்.

மத்தியானம் ஈரத்துணியோடு சந்திக்குப் போய் உரித்தேன். 'வீரர்' மட்டும் வந்தது. மற்றது ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தக் கந்தோர் இதுவரை வாங்கிய பசைகளில் நல்ல பசை இதுதான்.

26 டிசெம்பர், புதன்

ஸைனுலாப்தீன் மரைக்கார் கந்தோருக்கு வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தாடி, கையில் குடை. சலாம் சொல்லி, கதிரையைத் துடைத்து, இருந்தார்.

"கிளாக்கர் ஐயா, நான் கலியாணத்தப் பத்திக் கேக்க வரல்ல. ஒங்கட பொத்தகத்தப் பத்திக் கேக்க வந்தன்."

பதிவேட்டைத் திறந்து காட்டினேன். அரசாங்க இரகசியமென்று மறுக்கவும் முடியாது. சுவரெல்லாம் ஒட்டியாயிற்றே. ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார்.

"பயிரத் தின்னுற மிருகத்தச் சுடுறது குத்தமில்ல. நானும் வயல் செய்யிறவன். ஆனா இதுல வாலும் எழுதியிருக்கு. வாலத் தொட்டு அறுத்த ஆரு? எறச்சி போன எங்க?"

நான் பேனையை மூடித் திறந்தேன்.

"நீங்க சொல்லாட்டிப் பரவாயில்ல. வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு, ஒங்கட ஊர்ப் பள்ளியிலயே ஜமால்தீன் எழும்பிச் சத்தியம் பண்ணிச் சொல்லட்டும். நான் வந்து கேக்கன். கேட்டுட்டா எனக்குப் போதும், எங்கட ஊர் வாய நான் அடைப்பன். சொல்லாட்டி, பொண்டாட்டிக்கும் மகனுக்கும் நான் மறுமொழி சொல்ல ஏலாது."

போகும்போது, தோட்டாவுக்கு வால் கேட்கிற யோசனை யாருடையது என்று விசாரித்தார். கொழும்பு என்றேன். தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் நிறைய அடங்கியிருந்தது.

27 டிசெம்பர், வியாழன்

தேநீர்க் கடைப் பின்பக்கத்தில் மூவரும் இருந்தோம். சீனி இல்லாத தேநீர். நான் இரவெல்லாம் தயார்செய்த வசனத்தைச் சொன்னேன். மிக நல்ல வசனம்: 'பன்றியைச் சுட்டது நான், பயிருக்காகச் சுட்டேன், தொடவில்லை, வாலை அறுத்ததும் இறைச்சியைக் கொண்டுபோனதும் தம்பிராசா.' துவக்கும் தப்பும், கலியாணமும் தப்பும், பதிவேடும் தப்பும்.

"நான் சாட்சி சொல்லுவன்" என்றார் தம்பிராசா. "பதினாலையும் நான்தான் திண்டனான். அதில பொய் ஒண்டுமில்லையே!"

ஜமால்தீன் சிரிக்கவில்லை.

"கந்தோருக்குச் சொன்ன பொய் கந்தோரோட போகட்டும் ஐயா. பள்ளிக்குள்ள நிண்டு ஏலாது."

"உண்மையைச் சொன்னா அண்டைக்கே டி.ஆர்.ஓ.வின்ர காதுக்குப் போகும். துவக்கு போயிடும். கதிர் வாற நேரம் வயல்ல என்ன செய்வியள்? அதுக்குப் பிறகு சாப்பாட்டுக்கு?"

"தெரியும்."

"அப்ப?"

"அவள் றுக்கியா என்னப் பாக்கிற பார்வைய நீங்க பாக்கல்ல."

தம்பிராசா, "ஒரு நாயைத் தாறன் மச்சான், நல்ல நாய்" என்றார். ஜமால்தீன் வீட்டில் நாய் வளர்ப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும். வேறு என்ன கொடுப்பதென்று தெரியாத மனுசன்.

28 டிசெம்பர், வெள்ளி

தம்பிராசா பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார். மூச்சு வாங்கியது.

தொழுகை முடிந்ததும் ஜமால்தீன் எழும்பியிருக்கிறார். சத்தியம் பண்ணிச் சொன்னாராம்: "பதினாலும் மான். தோட்டாவுக்காக நான் கந்தோருக்குப் பொய் சொன்னன். அந்த வால் ஒண்டையும் நான் தொட்டதில்ல."

யாரோ பின்னாலிருந்து, "பதினாலு வெடியும் தவறாமச் சுட நீ என்ன பட்டாளமா?" என்று கேட்டானாம்.

"மானுக்கு உசிர் போக முந்தி ஓடிப்போய் பிஸ்மி சொல்லி அறுக்கணும். இல்லாட்டி சாப்பிட ஏலாது. தூரத்தில வெடி வச்சா ஓடிப் போய்ச் சேர ஏலாது. அதனால இருவது முழத்துக்குள்ள வராம நான் வெடி வைக்கிறதில்ல. ஒரு தோட்டாவுக்கு நாலு நாள் இருந்திருக்கன்."

மரைக்கார் எழும்பிப் போய் அவர் கையைப் பிடித்தாராம்.

இருபது முழம். நாலு நாள். இரண்டு வருடமாக வால் எண்ணிய எனக்கு இது தெரியாது.

31 டிசெம்பர், திங்கள்

விசாரணை. வெள்ளி பின்னேரமே டி.ஆர்.ஓ.வுக்கு மூன்று பேர் தனித்தனியாகச் செய்தி சொல்லியிருக்கிறார்கள்.

தவராசா கெட்ட மனுசன் அல்ல. "நான் கேள்விப்பட்டிருக்கக் கூடாது. கேள்விப்பட்டிட்டன். இனி என்ன செய்ய?" என்று என்னிடமே கேட்டார். முதலாம் இடத்துக்குச் சிபாரிசு செய்து கையொப்பமிட்டவர் அவர்.

ஜமால்தீன் வாக்குமூலம் கொடுத்தார். எழுதியது நான். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: மான் சுட்டது, வால் வேறிடத்தில் எடுத்தது. வால் எங்கே எடுத்தது என்று டி.ஆர்.ஓ. கேட்டபோது, "காட்டில" என்றார். பிறகு கேட்காமலே ஒன்று சொன்னார்.

"கிளாக்கர் ஐயாக்கு ஒண்டும் தெரியாது. நான் ஏமாத்தினன்."

பேனை நின்றது. டி.ஆர்.ஓ. என்னைப் பார்த்தார். ஜமால்தீன் என்னைப் பார்க்கவில்லை.

எனக்குத் தெரியும் — இரண்டு சொல். சொல்ல இரண்டு வினாடி போதும். என்ன நினைத்தேன்? வேலையை நினைத்தேன். கமலாதேவியை, பிள்ளைகளை. பள்ளிவாசலில் அத்தனை பேருக்கு முன்னால் ஒரு மனுசன் எழும்பி நின்றதை நினைத்தேனா? நினைத்தனான். நினைச்சும் வாய் வரேல்லை.

எழுதினேன்: 'கிளாக்கருக்கு இதுபற்றி எதுவும் தெரியாது.' வாசித்துக் காட்டினேன். "சரியா?" என்று கேட்டேன். வழக்கமாகக் கேட்பதுதான்.

"சரி ஐயா" என்று கையொப்பமிட்டார்.

துவக்கை அவரே பொலிஸுக்குக் கொண்டுபோனார். எனக்குக் கவனக்குறைவுக்காக ஒரு கண்டனக் கடிதம். தோட்டா மேசையிலிருந்து பயிர்ச்சேத மேசைக்கு மாற்றம். மூன்று முழத் தூரம். கதிரையைக்கூட நானே இழுத்துக்கொண்டு போனேன்.

கமலாதேவியிடம் சொன்னேன். "அந்த மனுசன் சொல்லிப்போட்டுது, நீங்கள் எழுதினியள். அவ்வளவுதானே" என்றாள். ஆறுதல் சொன்னாளா, குற்றம் சொன்னாளா என்று கேட்கவில்லை. இரண்டில் எதையும் தாங்குகிற நிலையில் நான் இல்லை.

18 ஜனவரி 1974, வெள்ளி

பரிசளிப்பு விழா. முதற்பரிசு நாலு வாலுக்குப் போனது. உணவுப் போரில் நாம் வென்றுகொண்டிருப்பதாகப் பேச்சாளர் அறிவித்தார். சிற்றுண்டி: அவித்த மரவள்ளிக்கிழங்கு.

10 பெப்ரவரி, ஞாயிறு

றுக்கியாவின் கலியாணம். அழைப்பு எனக்கும் வந்தது. போகாமல் விட நல்ல காரணம் ஒன்று தேடினேன். கமலாதேவி வேட்டியை எடுத்து வைத்துவிட்டாள்.

தம்பிராசா எனக்கு முன்பே வந்து பந்தலுக்கு வாழை கட்டிக்கொண்டிருந்தார். சாப்பாடு பெரிய தட்டுகளில். ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர். கூப்பன் காலத்தில் அந்த அரிசியை எங்கே சேர்த்தார்களோ! மரைக்கார் கிண்ணியாவிலிருந்து ஒரு கிடாய் கொண்டுவந்திருந்தார். எங்கள் இருவரையும் தன் தட்டுக்கே கூப்பிட்டார்.

"பொத்தகம் சுகமா இருக்கா?" என்றார் என்னிடம்.

"இப்ப வேற பொத்தகம்" என்றேன்.

ஜமால்தீன் பந்தி பந்தியாகக் கறி வைத்துக்கொண்டு வந்தார். என் பக்கத்துக்கு வந்ததும் குனிந்து இரண்டு துண்டு வைத்தார். "வெக்கப்படாமச் சாப்பிடுங்க." எல்லோருக்கும் சொல்வதுதான்.

22 பெப்ரவரி, வெள்ளி

வெருகல் பக்கத்தில் பன்றி இறங்கிவிட்டதாகத் தம்பிராசா சொன்னார். இரண்டு வயலையும் இரண்டு நாய் காக்க முடியவில்லையாம். ஜமால்தீன் தகரம் தட்டுகிறார்.

6 மார்ச், புதன்

சேத விண்ணப்பம் ஒன்று என் மேசைக்கு வந்தது. ஜமால்தீன், மூன்று ஏக்கர். மேசையில் இருந்தபடியே எழுதி அனுப்பலாம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை.

நான் நினைத்ததைவிடச் சிறிய வயல். மூன்று ஏக்கரில் அரை ஏக்கர் நிற்கிறது. மற்றதெல்லாம் சேற்றில் உழுது புரட்டியதுபோலக் கிடக்கிறது. கதிர் முற்றுகிற நேரத்தில் கூட்டமாக வந்திருக்கின்றன. தட்டிய தகரம் வரம்பில் நெளிந்து கிடந்தது.

மிச்சத்தை ஜமால்தீனும் புது மருமகனும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மருமகன் கிண்ணியாக்காரன், கடைப் பையன், கத்தி பிடிக்கத் தெரியவில்லை. விரலெல்லாம் துணி சுற்றியிருந்தான். மாமனாரைவிட வேகமாகக் குனிந்தான். மாமனார், "மெதுவா, மகன், மெதுவா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார்.

றுக்கியா மரநிழலில் கஞ்சி கொண்டுவந்து வைத்திருந்தாள். வாப்பாவைப் பெயர்சொல்லாத குறையாக அதட்டிக் கூப்பிட்டாள். ஜமால்தீன் அந்த அதட்டலுக்காகவே காத்திருந்தவர்போல உடனே கரையேறினார். எனக்கும் ஒரு கோப்பை தந்தாள்.

வரம்பில் இருந்து படிவத்தை முழங்காலில் விரித்தேன். பரப்பு எழுதினேன். சேதம் விளைவித்த மிருகம் என்ற இடத்தில் காட்டுப்பன்றி என்று எழுதினேன். அந்தச் சொல்லை இந்த மனிதரின் பெயருக்கு நேரே நான் உண்மையாக எழுதியது இப்போதுதான்.

"நான் ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கினேன். "அண்டைக்கு விசாரணையில…"

"கஞ்சி ஆறுது ஐயா."

குடித்தேன். உப்புக் கொஞ்சம் கூட. மருமகன் தூரத்தில் கதிர்க்கட்டைத் தலையில் ஏற்றப் பார்த்து, கட்டு அவிழ்ந்து, அவனும் அதோடு சேற்றில் இருந்துவிட்டான். றுக்கியா வாயைப் பொத்திச் சிரித்தாள். ஜமால்தீன் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நட்டம் எண்ட இடத்தில என்னென்ன எழுத?" என்று கேட்டேன்.

ஜமால்தீன் கோப்பையை வரம்பில் வைத்தார்.

"நெல்ல மட்டும் எழுதுங்க ஐயா."